நாற்பத்தொன்றாவது கட்டம்

செவல்குளம் கீழ பஜார் ஆளுக்கொரு மாதிரி தெரிய ஆரம்பித்தது தை மாதம் இரண்டாம் தேதி காலை ஆறேகால் மணிக்கு. அதற்கு முந்தின நாள் வரை அது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் தெரிந்துகொண்டிருந்தது, மேற்கே பிள்ளையார் கோயிலில் தொடங்கிக் கிழக்கே டிரான்ஸ்பார்மரில் முடிந்து, நடுவே நாற்பத்தொரு கடையும் ஒரு பொதுக் குழாயும் அந்தக் குழாயடியை விட்டு நகராத ஒரு செவலைக் காளையும் உள்ள தெருவாக. அந்தக் காளைக்கு மட்டும் கடைசிவரை தெரு மாறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் அதனிடம் போன் கிடையாது.

முந்தின நாள், பொங்கலன்று காலை, பிள்ளையார் கோயில் முன்னால் பந்தல் போட்டு, பஜாரின் வெப்சைட்டுக்குத் திறப்பு விழா நடந்தது. வியாபாரிகள் சங்கத் தலைவர் தனுஷ்கோடி அண்ணாச்சி மொத்த மளிகை வைத்திருப்பவர். பக்கத்து ஊர் பஜாருக்கு வெப்சைட் வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நமக்கும் ஒன்று வேண்டும், பொங்கலுக்குள் வேண்டும், அவர்களுடையதைவிட ஒரு கடையாவது கூட இருக்க வேண்டும் என்று அவர் ஜெயக்கொடியிடம் சொல்லியிருந்தார். ஜெயக்கொடிக்கு முப்பத்தாறு வயது. சென்னையில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் வெப்சைட் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா செத்ததற்கு ஊருக்கு வந்தவள், திரும்பிப் போகாமல், பஜார் நடுவே நூலகத்துக்கு மேல்மாடியில் ஓர் அறையை எடுத்து ஜன்னலோரம் கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இவள் கோபித்துக்கொண்டு தங்கிவிட்டவள். கோபம் யார்மேல் என்பது பின்னால் வரும்.

கடைக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் கடையின் பெயர், ஒரு போட்டோ, இரண்டு வரி என்று நாற்பத்தொரு கட்டம் போட்டு அவள் பக்கத்தை முடித்திருந்தாள். மணி பத்தடித்ததும் ஊர் முழுக்க அவரவர் போனில் ஒரே நேரத்தில் அதைத் திறக்க வேண்டும், திறந்தவர் பெயரெல்லாம் குலுக்கலில் சேரும், பரிசு ஒரு வெட்கிரைண்டர் என்று அண்ணாச்சி மைக்கில் அறிவித்தார். கிரைண்டர் என்றதும் ஊர் சும்மா இருக்குமா, திறக்காத போன் இல்லை, படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள்கூடப் படுத்தபடியே திறந்தார்கள். திறந்தபோதே சிலருக்குக் கட்டம் ஏறுமாறாகத்தான் தெரிந்தது. ஆனால் தன் போன் மட்டமான போன் என்று நாலு பேர் முன்னால் எவன் ஒத்துக்கொள்வான், எல்லோரும் பலமாகக் கை தட்டினார்கள். கிரைண்டர் தபால்காரர் ஆபிரகாமுக்கு விழுந்தது.

இணையத்தை எட்டிப் பார்க்கிற ஜன்னலுக்குப் பிரவுசர் என்று பெயர். செவல்குளத்தில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, போனில் தெரிகிற படத்தை வைத்துத்தான் சொல்வார்கள். பாதி ஊருக்கு மஞ்சள் வட்டம், கால் ஊருக்குப் பச்சை இலை, அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்குப் பழைய நீலம். ஜெயக்கொடி மட்டும் சென்னைக் கம்பெனியில் பழகிய சாம்பல் ஆந்தையைக் கைவிடாமல் வைத்திருந்தாள். பத்து மணிக்கு யார் எந்த ஜன்னலில் பார்த்தார்களோ அந்த ஜன்னல் அவரவர் கண்ணில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலை ஆறேகாலுக்குப் பால் வாங்கப் புறப்பட்டவர்கள், பக்கம் அந்த ஜன்னலில் எப்படித் தெரிந்ததோ அப்படியே தெருவும் தெரிவதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மஞ்சள் வட்டக்காரர்களுக்குத் தெரு ஏறக்குறைய பழைய தெருதான். பச்சை இலைக்காரர்களுக்கு வளையல் கடை சலூன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, சேவ் பண்ணிக்கொள்ள உள்ளே போன ஆண்கள் கைநிறைய வளையலோடு வெளியே வந்தார்கள், வீட்டில் அதற்கு எதிர்ப்பு ஒன்றும் இருக்கவில்லை. பழைய நீலத்தில் பார்த்தவர்களுக்குக் கட்டங்களெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவிட்டதால் பஜார் ஒற்றை வரிசையாய் நீண்டு, ஊர் தாண்டி, குளத்தங்கரை தாண்டி, பருத்திக் காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் போயிற்று. ஆபிரகாம் தினமும் அந்த மூன்று கிலோமீட்டரையும் நடந்து தபாலைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் சாக்ஸ் நிறைய நெருஞ்சி முள்ளோடு திரும்பி வந்தார், தபால் மட்டும் சரியான கடையில் சரியாகச் சேர்ந்திருந்தது. நகராட்சி ஓவர்சியர் டேப்பை எடுத்துவந்து தெருவை மூன்று பேரை வைத்து மூன்று தடவை அளந்து, மூன்று அளவையும் ஒரே தாளில் எழுதி, மூன்றுக்கும் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். போனை மாற்றிப் பார்த்தவர்களுக்குப் போன்தான் மாறியது, கண் மாறவில்லை.

ஒரு வாரத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. சந்திக்கிறவர்கள் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு, நீங்க எதுல பாக்கீக என்றும் கேட்டார்கள். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு அதையும் விசாரித்தார்கள், மஞ்சள் வட்டத்துப் பெண்ணைப் பச்சை இலை மாப்பிள்ளைக்குக் கொடுத்தால் கடைக்குப் போகும்போது கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் ஆயிற்று என்று அதற்கும் ஒரு பொருத்தம் சொன்னார்கள். தைப்பூசத்துக்குச் சப்பரம் எப்படி வருமோ என்று மட்டும் கொஞ்சம் கவலை இருந்தது. அது எப்போதும்போல் வந்தது, தூக்குகிறவன் முன்னால் போகிறவன் முதுகைத்தானே பார்க்கிறான், தெருவையா பார்க்கிறான். ரொம்பக் குழம்பியவர்கள் செவலைக் காளையின் பின்னாலேயே நடந்தார்கள், அது வாழைப்பழக் கடைக்கு மட்டும்தான் போகும் என்பதால் அந்த மாதம் வாழைப்பழம் நிறைய விற்றது.

குறை சொல்ல நினைத்தவர்கள் ஜெயக்கொடியின் மாடிக்கு ஏறி வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"எனக்குச் சரியாத்தான தெரியுது."

அவள் பொய் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக அவள் எட்டிப் பார்த்தபோது கடைகள் வரிசையாக, இடைவெளி பிசகாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், கட்டியவள் நினைத்தபடி அப்படியே இருந்தன. வெப்சைட் கட்டுகிறவர்களின் சாதிக் குணம் அது: தன் ஜன்னலில் சரியாக இருந்தால் உலகத்துக்கே சரியாக இருக்கிறதென்று போய்ப் படுத்துவிடுவார்கள். மற்ற ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஊருக்குக் காட்ட வேண்டும் என்று கம்பெனியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளும் புதிதாய்ச் சேர்ந்த எத்தனையோ பேருக்கு அதையே சொல்லிக்கொடுத்திருந்தாள். பொங்கல் அவசரத்தில் விட்டுவிட்டாள்.

பத்தாம் நாள் காலையில் அவள் டீ டம்ளரோடு ஜன்னலோரம் நின்றபோதுதான் கிழக்கே ஒன்று கண்ணில் பட்டது.

பஜாரின் கடைசிக் கடை, எண்ணெய்க் கடைக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவில் உள்ள சின்ன மாவுக் கடை, பூங்கனியுடையது. பூங்கனி ஜெயக்கொடியின் கூடப்பிறந்த அக்கா, ஏழு வயது மூத்தவள். புருஷன் போன பிறகு இருபது வருஷமாக இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைக்கிறவள். அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது, எல்லோருக்கும் தெரியும் என்பதால் வைத்ததில்லை. அக்காளும் தங்கையும் பேசி ஆறு வருஷமாயிற்று. ஒரே தெருவில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசான வேலை இல்லை, அதற்கென்று ஒரு முறை இருக்கிறது: சொல்ல வேண்டியதை எதிரில் இருக்கிற நாயிடமோ குடத்திடமோ மூன்றாம் ஆளிடமோ சொல்ல வேண்டும், கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். இருவரும் அந்த முறையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

ஜெயக்கொடி பார்த்தது இது. கடை திறந்திருந்தது. பூங்கனி உள்ளே நின்று ஒருவர் விடாமல் கூப்பிட்டாள். கையில் தூக்குவாளியோடு போன பெண்கள், வழக்கமாக அவளிடம் மாவு வாங்குகிற பெண்கள், அவள் முகத்துக்கு நேரே நடந்து போனார்கள், ஒருத்தியும் திரும்பவில்லை. பூங்கனி கடையை விட்டுத் தெருவில் இறங்கினாள். உடனே எல்லோரும் சிரித்த முகமாய், "என்னக்கா, கடையத் திறக்கவே இல்லையே, ஒடம்புக்கு ஆவலையா?" என்று கேட்டார்கள்.

"திறந்துதான இருக்கேன்! இந்தா, கண்ணுக்கு முன்னால இருக்கே!"

அவர்கள் அவள் காட்டிய இடத்தைப் பார்த்தார்கள். எண்ணெய்க் கடைச் சுவர் நேரே டிரான்ஸ்பார்மரில் போய் முட்டியது. பாவம், தனியா இருந்து இருந்து இப்படி ஆயிட்டா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு போனார்கள். எண்ணெய்க் கடைக்காரரைப் பூங்கனி கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள், அவருக்குச் சுவரில் முட்டி நெற்றி புடைத்தது. வெளியூர் லாரி டிரைவர்கள் மட்டும் எப்போதாவது நிறுத்தி மாவு வாங்கினார்கள், சுவருக்குள் கையை விட்டு அவர்கள் மாவுப் பாக்கெட்டை எடுப்பதைப் பார்த்த ஊர்க்காரர்கள் வெளியூர்க்காரனுக்கு எதுவும் முடியும் என்று விட்டுவிட்டார்கள். வெளியே பாத்திரத்தை வைத்து வியாபாரம் பண்ணேன் என்று சொன்னவர்களுக்குப் பூங்கனி ஒரே பதில் சொன்னாள்: "இருபது வருசமாக் கடை இருக்கு, நான் எதுக்குத் தெருவுல உக்காரணும்? கண்ணுள்ளவன் வந்து வாங்கட்டும்."

மத்தியானம் ஆனதும் பூங்கனி விற்காமல் புளித்துப்போன மாவை அண்டாவோடு தூக்கிவந்து சாக்கடையில் ஊற்றினாள். வெள்ளையாய் அது பஜார் முழுக்க ஓடியது. ஜன்னலில் நின்ற ஜெயக்கொடி அது ஓடி முடிகிறவரை பார்த்தாள். அவள் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்து, ஒருநாளும் பார்க்காத அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள்.

அது காலியாக இருந்தது. மற்ற நாற்பது கடைக்கும் நேரில் போய்ப் பெயர் கேட்டு, போட்டோ எடுத்து, என்ன எழுத என்று கேட்டுக் கட்டத்தை நிரப்பியவள் இந்த ஒரு கடைக்குப் போகவில்லை. போனால் பேச வேண்டும். சரி, இடத்தை மட்டும் விட்டுவைப்போம் என்று வெறும் கட்டத்தைப் போட்டிருந்தாள். சாம்பல் ஆந்தை பழைய காலத்துப் பிரவுசர், காலிக் கட்டமானாலும் அதற்குரிய இடத்தைக் கொடுத்துவிடும். மற்ற எந்த ஜன்னலுக்கும் அந்த இரக்கம் கிடையாது, உள்ளே ஒன்றுமில்லாத கட்டத்தை அவை ஒன்றுமில்லாமலே ஆக்கிவிட்டன. கட்டத்தோடு கடையும், கடைக்குள் நிற்கிறவளும், அவள் குரலும் போயிற்று. விழாவுக்கு வராததால் பூங்கனியின் கண் மட்டும் பழைய கண்ணாகவே இருந்தது, ஓசிக் கிரைண்டருக்குக் கைதட்ட மாவுக்கடைக்காரி எதற்கு வருவாள். ஆக, செவல்குளத்தில் அக்காவைக் கடையில் வைத்துப் பார்க்கக்கூடிய ஆள் ஒரே ஒருத்திதான் இருந்தாள், அவள் ஆறு வருஷமாக அக்கா இருக்கிற பக்கமே பார்க்காதவள்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத்திலிருந்து சேதி வந்தது. நாற்பத்தைந்து நாள் சேர்ந்தாற்போல் பூட்டிக் கிடக்கிற கடையைப் பதிவிலிருந்து எடுத்துவிடுவது அவர்கள் விதி. பூங்கனி கடையைப் பொங்கலிலிருந்து ஒரு நாள்கூடத் திறக்கவில்லை என்று நாற்பது பேர் கண்ணால் கண்ட சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மாசி பதினாறாம் தேதிக்கு மேல் கடை அவளுக்கு இல்லை.

ஜெயக்கொடி வேலையில் இறங்கினாள். முதலில் வீடு வீடாய்ப் போய்ப் போனை இரவல் வாங்கி, மற்றவர் கண்ணுக்கு ஊர் எப்படி இருக்கிறது என்று பார்த்தாள். பார்த்தவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வளையல் கடையைச் சலூன்மேலிருந்து இறக்கினாள், ஆபிரகாமின் மூன்று கிலோமீட்டரைச் சுருட்டித் தெருவுக்குள் கொண்டுவந்தாள். ஒவ்வொரு திருத்தமும் மறுநாள் காலை ஆறேகாலுக்குத் தெருவில் பலித்தது. ஆனால் நாற்பத்தொன்றாவது கட்டம் மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. காலியாய் இருந்தாலும் இத்தனை அகலம் இருந்தே தீர வேண்டும் என்று பக்கத்துக்கு உத்தரவு எழுதிப் பார்த்தாள். மறுநாள் மஞ்சள் வட்டக்காரர்களுக்கு டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஒரு கதவு தெரிந்தது, திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. பச்சை இலைக்காரர்களுக்கு எண்ணெய்க் கடை கிளம்பிப் போய்ப் பிள்ளையார் கோயில்மேல் ஏறிவிட்டது, அன்றைக்குப் பிள்ளையாருக்குத் தாராளமாய் எண்ணெய்க் காப்பு. பழைய நீலத்தில் தெரு மறுபடி அரைக் கிலோமீட்டர் நீண்டுவிட, ஆபிரகாம் மாடியேறி வந்து, வார் அறுந்த செருப்பை அவள் மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். இப்படியே மாசி பிறந்து பத்து நாளாயிற்று.

காலிக் கட்டத்தை எந்த வித்தையாலும் நிறுத்த முடியாது, உள்ளே ஏதாவது இருந்தால்தான் அது நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. சொந்தமாய் எதையாவது எழுதிப் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். போட்டுப் பார்த்தாள். மாவுக் கடை என்று எழுதினாள், அழித்தாள். பூங்கனி கடை என்று எழுதினாள், அழித்தாள். கடைக்காரர் வாயால் கேட்காமல் அவள் எந்தக் கடைக்கும் எழுதியதில்லை, அது அவள் தொழில் சுத்தம். தொழில் சுத்தம் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாளே தவிர, அக்காவைப் போய்ப் பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்பதுதான் நிஜம்.

பதினோராம் தேதி மத்தியானம், பஜார் சாப்பாட்டுக்கு அடங்கிய நேரத்தில், அவள் நோட்டும் பேனாவுமாய்ப் போய் மாவுக் கடைக்குள் நுழைந்தாள். பார்த்தவர்களுக்கு அவள் சுவருக்குள் போனாள். பூங்கனி கிரைண்டரில் உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. விற்காது என்று தெரிந்தும் அரைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெயக்கொடி மேசைமேல் இருந்த தராசைப் பார்த்துச் சொன்னாள்: "இங்கன என்ன விக்காகன்னு யாராச்சும் சொன்னா, எழுதிக்கிட்டுப் போயிரலாம்."

பூங்கனி கிரைண்டரைப் பார்த்துச் சொன்னாள்: "ஆறு வருசமா இதே தெருவுல உக்காந்திருக்கவுகளுக்கு என்ன விக்கான்னு தெரியாதாம்லா."

"தெரியாம இல்ல. கடைக்காரவுக வாயால சொல்லணும். அதான் முறை."

"முறையப் பத்தி யாரு பேசுதா பாரு."

ஜெயக்கொடிக்குச் சுருக்கென்று ஏறியது. எழுத வந்ததை மறந்து, தராசைப் பார்த்து, ஆறு வருஷமாய்த் தொண்டையில் நின்றதைக் கொட்டிவிட்டாள். "ஆமா, பெத்த தாய் மொகத்தக்கூடப் பாக்க விடாமத் தூக்கிட்டுப் போனவுகள்லா முறை தெரிஞ்சவுக! மெட்ராஸ்லேருந்து விழுந்தடிச்சு ஓடியாந்தா, கழுவிவிட்ட தரைதான் கெடந்துது."

பூங்கனி கிரைண்டரை நிறுத்தினாள். அந்தச் சத்தம் நின்றதும் கடை சட்டென்று சின்னதாகிவிட்டது. அவள் திரும்பி, கிரைண்டரை விட்டு, தராசை விட்டு, தங்கச்சி முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஏட்டி. யாரு காட்டாமத் தூக்கினா? நாலு மணிக்கே எடுக்கணும்னு நின்னாக. நீ மதுரை தாண்டிட்டேன்னு போன் பண்ணின. சாத்தூர்கிட்ட பஸ்ஸு நின்னுபோச்சுன்னு பொறவு ஒண்ணு பண்ணின. என் தங்கச்சி வருதா, என் தங்கச்சி வருதான்னு பாடையக் கட்டிப்பிடிச்சிட்டுக் கெடந்தேன். அஞ்சே முக்கால் வரைக்கும். அந்தி சாயப்போவுதுன்னு ஊரே ஏசுது. கடைசில என் கையப் பிரிச்சிப் போட்டுட்டுத்தான் தூக்கினாக. இந்தா."

மாவு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றிப் பாடைக் கயிறு அறுத்த தழும்பு வெளுத்துக் கிடந்தது.

"எனக்கு யாருமே சொல்லலியே அக்கா."

"நீ யாருகிட்டட்டி கேட்ட? வந்த, தரையப் பாத்த, என்னைய ஒரு பார்வை பாத்த, மாடியேறிட்ட."

ஜெயக்கொடி யாரிடமும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவளுக்குச் சரியாகத்தான் தெரிந்தது. அவள் அந்த இடத்திலேயே, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள், ஆறு வருஷத்துக்குச் சேர்த்து அழுதாள், பூங்கனி தடுக்கவில்லை. அழுது முடிகிற வரைக்கும் நின்றுவிட்டு, ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "ம், எழுது" என்றாள்.

"என்ன பேரு போட?"

"அம்மா பேரப் போடு."

ஜெயக்கொடி எழுதினாள்: வெள்ளத்தாய் மாவுக் கடை. இட்லி மாவு, தோசை மாவு, பணியார மாவு. காலை ஆறு மணி முதல்.

"புளிச்ச மாவு கெடையாதுன்னு போட்டியா?"

அதையும் போட்டாள். போட்டோவுக்கு நிற்கச் சொன்னபோது பூங்கனி முகத்தைக் கழுவி, தலையைக் கோதி, அண்டாவுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றாள். கட்டம் நிரம்பியது.

மாடிக்கு வந்து, படித்த பாடத்தை மறக்காமல், ஊர் கண்ணுக்குக் காட்டுமுன் எல்லா ஜன்னலிலும் ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்தாள். மஞ்சள் வட்டத்தில் கடை நின்றது. பச்சை இலையில் நின்றது. பழைய நீலத்தில் நின்றது. கடைசியாகத் தன்னுடைய சாம்பல் ஆந்தையைத் திறந்தாள். அங்கே நாற்பது கட்டம் இருந்தது. காலிக் கட்டத்துக்கு இடம் கொடுத்த அதே பழைய ஜன்னல், கட்டம் நிரம்பியதும் அந்த இடத்தையும் நிரப்பியதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, கொள்ளவில்லையென்று பக்கத்துக்கு வெளியே தள்ளிவிட்டது. நாலு நாள் அவள் அதோடு மல்லுக்கு நின்றாள். ஆந்தையில் கடையைக் கொண்டுவந்தால் மஞ்சள் வட்டத்தில் போயிற்று, மஞ்சள் வட்டத்தில் கொண்டுவந்தால் ஆந்தையில் போயிற்று.

பதினைந்தாம் தேதி காலையில் தனுஷ்கோடி அண்ணாச்சி மாடியேறி வந்தார்.

"நாளைக்குப் பதிவுலேருந்து எடுக்கோம் தாயி. அக்காகிட்ட நீதான் சொல்லணும். ஓ, நீங்கதான் பேசமாட்டீகளே."

ஜெயக்கொடி அவர் போனில் புதுப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "வெள்ளத்தாய் மாவுக் கடை. அட, நம்ம பூங்கனி! எங்கன இருக்கு இந்தக் கடை?"

"எண்ணெய்க் கடைக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவுல. நாளைக்குக் காலைல தெரியும் அண்ணாச்சி. ஒரே ஒரு பிரவுசர்ல மட்டும் வரமாட்டேங்குது. அதான் போடாம வச்சிருக்கேன்."

"அதுல எத்தனை பேரு பாக்கா?"

"ஒருத்தி."

"யாரு?"

"பேரு தெரியல."

"ஒருத்திக்காக ஒரு கடைய எடுக்கச் சொல்லுதியா? அவ கெடக்கா, விடு தாயி."

"சரி அண்ணாச்சி."

அன்று சாயங்காலம் ஜெயக்கொடி வேறு வேலை பார்க்கவில்லை. நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டுக் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். பூங்கனி அண்டாவைக் கழுவிக் கவிழ்த்ததையும், தராசைத் துடைத்ததையும், மறுநாளைக்கு அரிசியைக் களைந்து ஊறப்போட்டதையும், ஊற்றிய தண்ணீர் போதுமா என்று விரலை விட்டுப் பார்த்ததையும், இடுப்பில் கையை வைத்து முதுகை நிமிர்த்தியதையும் ஒன்று விடாமல் பார்த்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பூங்கனி ஷட்டரை இறக்கினாள். ஜெயக்கொடி திரும்பிவந்து புதுப் பக்கத்தை ஊருக்குத் திறந்துவிட்டாள்.

மாசி பதினாறாம் தேதி காலை ஆறேகாலுக்கு, தூக்குவாளியோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்று, "ஏக்கா, ஒருவழியாக் கடையத் திறந்துட்டியே!" என்றார்கள். நாற்பத்தைந்து நாளாய் அவள் மாவுக்கு ஏங்கியிருந்த ஊர் அது, ஏழு மணிக்குள் வரிசை பொதுக் குழாய்வரை வந்துவிட்டது. சங்கத்துக் கையெழுத்துத் தாளைத் தனுஷ்கோடி அண்ணாச்சியே நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தன் பங்குக்கு ஒரு வாளியோடு வந்து நின்றார். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, அப்படிக் கேட்கிற பழக்கம் பஜாரில் கிடையாது.

ஜெயக்கொடியும் மாடியிலிருந்து வாளியை எடுத்துக்கொண்டு இறங்கி வரிசையில் நின்றாள். அவள் கண்ணுக்கு எண்ணெய்க் கடைச் சுவர் நேரே டிரான்ஸ்பார்மரில் போய் முட்டியது. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராய்ச் சுவருக்குள் கையை முழங்கைவரை விட்டு, கனத்த பாத்திரத்தோடு இழுத்துக்கொண்டார்கள், சிரித்தார்கள், சுவருக்கு ஏதோ பதில் சொன்னார்கள், போனார்கள். அவள் முறை வந்தது. வாளியை நீட்டினாள். இரண்டு சாண் தள்ளி நீட்டிவிட்டாள் போல, வாளி சுவரில் மோதி டங்கென்றது.

சுவரிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. மாவு ஒட்டிய கை, மணிக்கட்டில் வெளுத்த தழும்பு. அது வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போயிற்று. திரும்பி வந்தபோது வாளி விளிம்புவரை நிறைந்திருந்தது.

அவளுக்குப் பின்னால் தபால்காரர் ஆபிரகாம் நின்றுகொண்டிருந்தார். குலுக்கலில் விழுந்த கிரைண்டர் வீட்டில் இருந்தும், பூங்கனி மாவு மாதிரி வராது என்று அவர் வீட்டம்மா அனுப்பியிருந்தார். அவர் ஜெயக்கொடியின் தோளைத் தட்டினார்.

"ஏம்மா, அக்கா ஒங்களத்தான் கேக்காக. பதில் சொல்லாம நிக்கீகளே, இன்னுமா கோவம்?"

"என்ன கேக்காக?"

"நாளைக்கும் வருவியான்னு கேக்காக."

ஜெயக்கொடி சுவரைப் பார்த்தாள். "வருவேன்னு சொல்லுங்க."

ஆபிரகாம் சுவரைப் பார்த்து, "வருவாகளாம்" என்றார். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"வாளிய மூடச் சொல்லுதாக. அழுதா மாவுல விழுமாம்."

ஜெயக்கொடி வாளியை மூடினாள்.